அப்பாவின் கன்னத்துக்குக் கரண்டு

ஒரு நாள் காலையில் அப்பா எழுந்தபோது, அவர் முகத்தின் வலது பாதி மட்டும் எழுந்திருக்கவில்லை.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கண்ணை மூட முடியவில்லை. ‘பானை’ என்று சொன்னால் ‘ப’ வருவதற்கு முன்னால் காற்று வந்தது.

அது 1994. முழுப்பரீட்சை லீவு தொடங்கியிருந்தது. எனக்குப் பத்து வயது. இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த லீவைப் பற்றிச் சொல்ல ஜெசி என்கிற நான்தான் மிச்சம்.

அப்பா அருள்சாமி, சாக்கோட்டையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மெதுவாகச் சரியாகும் என்றார் டாக்டர். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய், தசையைக் கரண்டால் அசைக்கும் ‘ஸ்டிமுலேட்டர்’ வைத்துக்கொள்ளவும் சொன்னார். எங்கள் தெருவில் அதற்குக் ‘கரண்டு வைத்தியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா பால்வாடி டீச்சர். அவருக்கு லீவு கிடையாது. அதனால் அப்பாவுக்குத் துணை நான்.

பஸ்ஸில் அப்பா துண்டால் பாதி முகத்தை மூடிக்கொள்வார். தெரிந்தவர்கள் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே போனால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். எங்கள் முறை வரும்போது சில நாள் கரண்டு போய்விடும். கரண்டு வைத்தியத்துக்கு வந்து கரண்டுக்காகக் காத்திருப்போம். வெயிலும் புழுக்கமுமாக, வீடு திரும்பும்போது இருவருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

சிகிச்சை கொடுத்தவர் ராஜப்ரியா மேடம். அந்த மெஷின் ஒரு ரேடியோப் பெட்டி அளவுதான். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் வரும். ஒன்றின் முனையில் இருக்கும் பட்டையை அப்பாவின் பிடரியில் கட்டுவார். இன்னொன்றின் முனையில் பேனா மாதிரி ஒன்று. அதன் நுனியில் துணி சுற்றியிருக்கும். இரண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் வைப்பார்.

நான் முறைத்து முறைத்துப் பார்த்ததைக் கண்டு மேடமே சொன்னார்.

“மூளை சொல்றதை முகத்துக்குக் கொண்டு போறது நரம்புதான் பாப்பா. அது வேலைக்கு வர்ற வரைக்கும் தசை சும்மா கிடந்தா இளைச்சிரும். அதான் நாம கொஞ்சம் கரண்டு குடுத்து அசைச்சு வைக்கிறோம்.”

“உப்புத் தண்ணி எதுக்கு மேடம்?”

“ஈரம் இருந்தா கரண்டு பரவலாப் போகும். காஞ்ச தோலு, எண்ணெய்ப் பிசுக்கு இதெல்லாம் அதை மறிக்கும். அப்புறம் கிடைச்ச சந்துல மொத்தமாப் புகுந்து ஊசி மாதிரி குத்தும்.”

அதனால்தான் வருகிற எல்லோரிடமும், எண்ணெய் போட்டிருக்கிறீர்களா என்று அவர் கேட்பார். அப்பா இல்லை என்று தலையாட்டுவார்.

எங்களுக்கு முன்னால் வருகிற கண்ணம்மை அக்காவுக்கும் இதே வாய்க்கோணல்தான். கரண்டைக் கூட்டுவதற்கு மெஷினில் இருக்கும் திருகை மேடம் கொஞ்சம் திருப்பியதுமே அவர் கன்னம் துள்ளும். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்பாவுக்கு மட்டும் எவ்வளவு கூட்டினாலும் கன்னம் அசையாது. கண்ணில் நீர்தான் வரும். மேடம் யோசனையோடு நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அப்பா துண்டை எடுத்தார்.

“போதும்த்தா. ஊசியாக் குத்துது. நாளையிலேருந்து வரல. பிள்ளைகளுக்கு வேற வாத்தியாரைப் போடச் சொல்லிருவோம்.”

அப்பா குழாயடியில் குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்தார். இடது கன்னத்தில் தண்ணீர் பரவியது. வலது கன்னத்திலோ, சேம்பு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது.

தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுத்தது.

“எண்ணெயாப்பா? இல்லேன்னுல்ல சொன்னீக?”

அப்பா அக்கம்பக்கம் பார்த்தார்.

“விளக்கெண்ணெய். உங்கம்மா விடியுமுன்ன எந்திரிச்சு, சூடு பண்ணி, அரைத் தூக்கத்துல உக்காந்து தேய்ச்சு விடுறா. அதைப் போயி வேண்டாம்னு எப்படிச் சொல்றது? துண்டுல துடைச்சுக்கிட்டுத்தான வாரேன்.”

மேடத்திடமும் சொல்லக்கூடாது, அம்மாவிடமும் சொல்லக்கூடாது என்றார். சொன்னால் அம்மா மனசு நோகும். சொல்லாவிட்டால் அப்பா இனி வரவே மாட்டார். பஸ்ஸில் வீடு வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

“அம்மா, நீ காலையில தேய்க்கிற எண்ணெய் வீணாப் போகுதும்மா. பாதி துண்டுல போயிருது. மிச்சம் இருக்கிறது கரண்டை உள்ள விட மாட்டேங்குது. நீ பொழுதுசாய தேய்ச்சு விட்டா விடிய விடிய ஊறும்ல? காலையில நான் கடலை மாவு போட்டுக் கழுவி விட்டுர்றேன்.”

அம்மா காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இத்தனை நாளும் அவுகளுக்கு வலிச்சுச்சா?”

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “கொஞ்சம்” என்றேன்.

அம்மாவின் கண் கலங்கியது. அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, வாய்தான கோணிருக்கு, ஊமையாவா போயிட்டீக? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளா?”

அப்பா ஒரு பக்க வாயால் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவின் கன்னத்தைக் கழுவி, தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். உருளாமல் பரவியது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கப்பா என்று கெஞ்சினேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு சட்டையை மாட்டினார்.

மேடம் திருகைக் கொஞ்சம்தான் திருப்பினார். அப்பாவின் கன்னம் வெடுக்கென்று துள்ளியது. தொங்கிக் கிடந்த உதட்டோரம் ஒரு கணம் மேலே ஏறி இறங்கியது.

“வலிக்குதா சார்?”

“இல்ல. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

அப்பாவே எண்ணெய் விஷயத்தை ஒப்புக்கொண்டார். மேடம் அவரைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். தசையைத்தான் இந்த மெஷின் பார்த்துக்கொள்ளும், நரம்பு தன் பாட்டுக்குத் தன் நேரத்தில்தான் வரும் என்றும் சொன்னார். அப்பா அதற்கும் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் போகாமல் இருக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. வாய் இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பா வகுப்புக்குப் போனார். நானும் அதே பள்ளிதான்; என் ஐந்தாம் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சார், உங்க மூஞ்சி ஏன் சார் இப்படி இருக்கு?” என்று ஒரு குட்டிப் பையன் கேட்டான்.

நான் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

“பாதி முகத்துக்கு இன்னும் லீவு முடியலடா” என்றார் அப்பா. “மீதிப் பாதி வந்துருச்சுல்ல, புத்தகத்தை எடுங்க.”