வெண்கோட்டுச் செய்குன்று

ஐப்பசி மாதத்து மாலைக் கதிரவன் வெள்ளாற்றின் கலங்கல் நீரில் செம்பொன்னைக் கரைத்துவிட்டு மேற்கே சரிந்துகொண்டிருந்தான். இரு கரையும் புரண்டோடிய ஆற்றின் தென்கரையில், கூரையிழந்த தூண்களும் கரிபடிந்த மதில்களுமாக நின்றது வெண்கோட்டு மாளிகை. ஆளற்றுக் கிடந்த அந்த மாளிகையின் தோட்டத்தில் அன்று யானைகள் கட்டப்பட்டிருந்தன. வேற்படை வீரர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகிழ மரத்தடியில் பூக்குடலையுடன் நின்ற இளம்பெண் ஒருத்தி அதைப் பார்த்து, ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள்.

அவள் தவிப்பின் காரணத்தை அறிய, வாசகர்களே, அம்மாளிகையின் பழைய நாட்களுக்குச் சற்றே சென்று வருவோம். வெண்கோட்டு நாடாள்வார் கொல்லிமலைச் சாரலில் பெண்ணெடுத்தார். மணமுடித்து வந்த தேவியாருக்குச் சமவெளி பிடிக்கவில்லை; கண்ணெட்டிய தூரம் வரை வயலாய் இருக்கிறதே என்று சொல்லி ஏங்கினார். ஆகவே நாடாள்வார் மாளிகையின் பின்புறம் பெரிய வாவியொன்று வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் குவித்துச் செய்குன்று ஒன்றை எழுப்பி, அதன்மேல் வேங்கையும் சந்தனமும் வளர்த்தார். குன்றின் வயிற்றில் கருங்கல் நிலவறை ஒன்று இருந்தது. ஆற்றிலிருந்து மண்ணுக்கடியில் வரும் கால்வாய் முதலில் அந்த அறையை நிரப்பும். அங்கிருந்து ஏற்றத்தால் உச்சிக்கு இறைத்த நீர் அருவியாய் விழும். அறை நிரம்பி மிஞ்சியது வாவிக்குப் போகும். தேவியார் அந்த அருவியின் ஓசையில்தான் முதன்முதலாக வெண்கோட்டில் நிம்மதியாக உறங்கினார் என்று ஊரில் சொல்வார்கள்.

பிறகு போர் வந்தது. சக்கரவர்த்தியின் பகைவனுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக மாளிகை முற்றுகையிடப்பட்டு எரிந்தது. நாடாள்வார் வாயிலிலேயே வீழ்ந்தார், தேவியாரும் பிழைக்கவில்லை. கால்வாயின் மதகு அடைபட்டது, நிலவறை வறண்டது. தப்பியவர்கள் மகன் கொற்றனும் மகள் மாறம்பாவையும் மட்டுமே. கொற்றன் வடக்கே போனான். மாறம்பாவை அக்கரையில் ஓடக்காரர் வீட்டில் ஒளிந்து, கோயிலுக்குப் பூப்பறிக்கும் பெண்ணாகிவிட்டாள்.

மகிழ மரத்தடியில் நின்றவள் அவள்தான். சில நாட்களுக்கு முன் திரும்பி வந்த கொற்றன் வழியில் குதிரையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, ஓடக்காரர் தூக்கி வந்து சேர்த்த அந்த நிலவறைக்குள் நகர முடியாத நிலையில் கிடந்தான். குடலையில் பூவுக்கடியில் இருந்தது அவனுக்கான சோறு.

சக்கரவர்த்தி அனுப்பிய அந்தப் படையின் தலைவன் வயிரமேகன் அவளைக் கண்டு அருகில் வந்தான். முப்பது வயதுக்குள் இருப்பான். களைத்த முகம், ஆனால் கண்கள் கூர்மையானவை. யார் என்று கேட்டான். கோயில் பூக்காரி என்றாள். அப்படியானால் இந்தத் தோட்டம் பழக்கமாயிருக்குமே, சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டான். மறுத்தால் சந்தேகம் வரும் என்று அஞ்சி, அவள் முன்னே நடந்தாள். வழியெல்லாம் அவன் மரங்களைப் பற்றியும் நாடாள்வாரைப் பற்றியும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு வந்தது அவளுக்கு வியப்பாக இருந்தது. நாடாள்வார் குலத்தில் ஒருவரையேனும் தலைநகருக்குக் கொண்டுவர வேண்டும், கிடைக்கும்வரை இங்கிருந்து நகரக்கூடாது என்பது தனக்கு இட்ட ஆணை என்று அவன் மறைக்காமல் சொன்னான்.

செய்குன்றின் அடிவாரத்தை அடைந்தபோது பூமிக்கடியிலிருந்து மெல்லிய சலசலப்புக் கேட்டது. மாறம்பாவை நின்றுவிட்டாள்.

"என்ன ஓசை அது?" என்றாள்.

"ஆற்றுக்கரை சேறாக இருக்கிறது, யானைகள் இறங்க மறுக்கின்றன. அதனால் பழைய மதகைத் திறந்து வாவியை நிரப்பச் சொன்னேன்" என்றான் வயிரமேகன்.

குடலை அவள் கையிலிருந்து நழுவியது. வாவிக்கு முன்னால் நிலவறை நிரம்பும். உள்ளே கிடப்பவனால் எழுந்து உட்காரக்கூட முடியாது. சொன்னால் வாளுக்கு இரையாவான், சொல்லாவிட்டால் நீருக்கு. சலசலப்பு வலுத்தது. குன்றின் உள்ளிருந்து யாரோ அடக்க முயன்று முடியாமல் இருமும் ஓசை எழுந்தது.

"மதகை மூடச் சொல்லுங்கள்" என்றாள். "உள்ளே ஆள் இருக்கிறார்."

வயிரமேகன் சிதறிக் கிடந்த சோற்றையும் அவள் முகத்தையும் பார்த்தான். மறுகணம் திரும்பி, கால்வாய்க் கரை இடிகிறது, மதகை இறக்குங்கள் என்று ஆணையிட்டுக்கொண்டே ஓடினான். திரும்பி வந்தபோது அவள் முழங்கால் நீரில் நின்று, நிலவறையின் தாழ்ந்த வாயிலுக்குள் தமையனின் தோள்களைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவனும் இறங்கினான். இருவருமாகக் கொற்றனை அறைக்குள் நனையாமல் இருந்த மேடைமேல் ஏற்றிக் கிடத்தினார்கள்.

"ஏன்?" என்று கொற்றன் கேட்டான்.

"முற்றுகையின்போது என் தந்தை இந்த ஆற்றில் மூழ்கினார். அவர் உடலைத் தேடி எடுத்தவன் நான்" என்றான் வயிரமேகன். "எந்தப் பகைவனுக்கும் அந்தச் சாவை நான் தரமாட்டேன்."

வெளியே காலடியோசை நெருங்கியது. வயிரமேகன் மாறம்பாவையுடன் விரைந்து வெளியேறினான். அவனுடைய துணைத்தலைவன் தீவட்டிக்காரர்களுடன் எதிரே வந்து நின்றான். இந்தப் பெண் யார் என்று கேட்டான். பூக்காரி, வழி தவறி நீரில் விழுந்தவள் என்றான் வயிரமேகன். துணைத்தலைவன் திருப்தியடையவில்லை, குன்றுக்குள் ஏதோ அறை இருப்பதாக ஊரார் சொல்கிறார்கள், இப்போதே சோதிக்க வேண்டும் என்றான். தலைவன் மறுத்தால் தலைவன் மேலேயே ஐயம் விழும். வயிரமேகன் வாளின் பிடியைப் பற்றினான்.

மாறம்பாவை இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான் பூக்காரி அல்லேன்" என்றாள். உள்ளே கிடப்பவனுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள். "வெண்கோட்டு நாடாள்வார் மகள் மாறம்பாவை நான். இங்கே ஒளிந்திருந்தவளும் நானே. என்னைத் தவிர இந்தக் குலத்தில் எவரும் இல்லை. உங்கள் ஆணை நிறைவேறிவிட்டது. இன்றே என்னை அழைத்துச் செல்லுங்கள்."

குன்றுக்குள் எந்த ஓசையும் எழவில்லை. கொற்றன் தன் மேலாடையைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டு அழுதான் என்பது பின்னர் அவன் சொல்லித்தான் தெரியவந்தது.

துணைத்தலைவன் தலைவணங்கிப் பின்வாங்கினான். வயிரமேகன் பல்லக்குக்கு ஆளனுப்பிவிட்டு, அவளருகே வந்து நின்றான். அக்கரை ஓடக்காரரிடம் சொன்னால் தமையனைப் பார்த்துக்கொள்வார் என்று அவள் முணுமுணுத்தாள்; அவன் தாழ்ந்த குரலில் பதில் சொன்னான்.

"ஓடக்காரருக்கு இன்றே செய்தி போகும். தேவி, சக்கரவர்த்தியின் முன் தாங்கள் தனியாக நிற்கப் போவதில்லை. தங்களுக்கு மரணதண்டனை என்றால், அதே மேடையில் முதலில் என் தலை விழும். இது என் தந்தையின் மேல் ஆணை."

மாறம்பாவை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியானால் நம் இருவருக்காகவும் நான் நன்றாகப் பேச வேண்டியிருக்கும், தளபதியாரே" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கை நோக்கி நடந்தாள்.