நெஞ்சுக்கு ஏறிய பட்டை

சாமான்களை மாடிக்கு ஏற்றி முடித்த மதியம் மழை பிடித்துக்கொண்டது. பழைய வீடு. படிக்கட்டெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசனை. படுக்கையறையில் மட்டும் அதோடு ஒயர் கருகிய நெடியும் இருந்தது. அவள் ஒவ்வொரு பிளக்காகக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். எதிலும் கருகல் இல்லை.

“அது போகாதும்மா,” என்றாள் சாவி கொடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா, அறைக்குள் கால் வைக்காமலே. “முன்னாடி இருந்தவன் இங்கதான் செத்தான். கரண்ட்டை வச்சு விளையாடறவன். பொண்டாட்டிய கட்டிப்போட்டு… ‘போதும் போதும்’னு அவ கத்தறது கீழ வரைக்கும் கேக்கும். ஒருநாள் அவ ஓடிப்போயிட்டா. அப்புறம் இவன் தனியா கிடந்து செத்தான்.”

“நீங்க யாரும் மேல வந்து கேக்கலையா?”

“புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்னு இருந்துட்டோம்.” அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் அறையை விட்டு வெளியே வந்து நின்றான். “வேற வீடு பாக்கலாமா?”

“செத்த பின்னாடியும் அவனுக்கே ரூமை விட்டுக்குடுக்கணுமா? முடியாது.”

அவள் பிசியோதெரபிஸ்ட். பகலெல்லாம் ஊரார் முட்டிக்கும் இடுப்புக்கும் கரண்ட் வைப்பவள். ஒருமுறை கணவனின் கெண்டைக்கால் சுளுக்குக்கு வைத்தபோது அவன் கூசிச் சிரித்து, “இன்னொரு தடவை வையேன்,” என்றான். விளையாட்டு அங்கே தொடங்கியது. அதற்கென்றே விற்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். பேட்டரியில் ஓடுவது, சுவரில் செருகும் எதையும் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் விடமாட்டாள். வாங்குவதற்கு முன்பே அவனை இதயப் பரிசோதனைக்கு அனுப்பினாள். “கொஞ்சறதுக்கு ஈசிஜி கேட்ட ஒரே பொண்டாட்டி நீதான்,” என்று அவன் இன்றும் சொல்லிக்காட்டுவான்.

பெட்டியின் இரண்டு ஒயர் நுனிகளிலும் தோலில் ஒட்டும் பட்டை உண்டு. மின்சாரம் ஒரு பட்டை வழியாக நுழைந்து மற்றதன் வழியாக வெளியேறும். இடையில் எது இருக்கிறதோ அதையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். ஆகவே இரண்டு பட்டைகளும் இடுப்புக்குக் கீழேதான். பாதையில் இதயம் குறுக்கிடவே கூடாது. ஒட்டும் முன், அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், பிரிக்கும் முன்னும் அப்படியே. ஓட்டத்தின் நடுவில் பட்டையைப் பிய்த்தால், கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நுனியில் அத்தனையும் குவிந்து சுட்டுவிடும்.

பிறகு, நிறுத்துவதற்கு ஒரு சொல். கையில் ஒரு பொருளைக் கொடுத்து, வேண்டாமென்றால் கீழே போடச் சொல்வது மற்ற விளையாட்டுகளுக்குச் சரி. இதில் தசை இறுகிவிட்டால் விரல் பிரியாது. எனவே ஒரு வார்த்தை வைத்துக்கொண்டார்கள்: தபால்பெட்டி. இருவரில் யார் சொன்னாலும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

குடிவந்த பின் வந்த ஞாயிறு மதியமும் மழை. திரைச்சீலை வழியே சாம்பல் வெளிச்சம். அவன் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தான். ஒரு பட்டை தொடையில், ஒன்று கெண்டைக்காலில். அவள் குமிழை மெல்லத் திருப்பினாள்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, டாக்டரம்மா.”

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.” சிரித்தான். பிறகு, “உன் கை ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?”

அவளுடைய இரண்டு கைகளும் பெட்டியின் மேல் இருந்தன.

கருகல் நெடி கெட்டியானது.

“ஏய், நெஞ்சுல எதுக்கு ஒட்டற?”

கெண்டைக்காலில் சதுரமாக ஒரு சிவந்த தடம் மட்டும் இருந்தது. பட்டை அவனுடைய இடது மார்பில் ஒட்டியிருந்தது. அதன்மேல் எவருடைய விரலோ அழுத்துவதுபோல் சதை குழிந்தது.

குமிழ் தானாகத் திரும்பியது.

அவள் ஒயர்களைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். இரண்டு முனைகளும் அவள் கையில் வெறுமனே தொங்கின. ஆனாலும் அவன் உடம்பு வில்லாக வளைந்தது.

பல் கிட்டிப்போயிருந்தது. “த… த…”

அதற்குமேல் வரவில்லை.

 அவள் பயம் கோபமாகிவிட்டது.

“தபால்பெட்டி!” என்று கத்தினாள். “அவனால சொல்ல முடியல, நான் சொல்றேன். இங்க யார் சொன்னாலும் நிக்கணும். உனக்கும் சேத்துத்தான்டா! அவ தொண்டை கிழியக் கத்தினப்போ உனக்குக் காது கேக்கல. இப்ப கேக்குதா? கேக்காம தொடற கைக்கு இந்த ரூம்ல இடமில்ல. எடுறா கையை!”

மழைச் சத்தம்கூட நின்றதுபோல் இருந்தது.

குழிந்த சதை மெதுவாக மேலெழுந்தது. பட்டை உதிர்ந்து மெத்தையில் விழுந்தது.

அவள் கண்கட்டை அவிழ்த்து, நாடியைப் பிடித்தபடியே அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். இரவு முழுதும் அங்கே வைத்திருந்து, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

“இது உன் உடம்பு,” என்றாள் மருத்துவமனை வாசலில். “நீ சொல்லு. இன்னைக்கே காலி பண்ணிடலாம்.”

அவன் இடது மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “நம்ம கட்டில், நம்ம விளையாட்டு. நான் ஏன் ஓடணும்? வேணும்னா அவன் ஓடட்டும்.”

மழைக்காலம் கழிந்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். புதுப் பெட்டி, புதுப் பட்டைகள், கண்கட்டு கிடையாது. முதலில் தன் கெண்டைக்காலில் இரண்டையும் ஒட்டிப் பார்த்தாள். பிறகு அவனுக்கு. அவன் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் லேசாகச் சுருங்கியதும் ‘போதுமா’ என்று கேட்க வாயெடுத்தாள்.

“போதும், போதும்,” என்று அவன் அதற்குள் சிரித்தான். “அதுக்கு எதுக்கு ஆம்பளக் குரல்ல கேக்கற?”

அவள் இன்னும் கேட்கவே இல்லை.

குமிழ், அவள் விரல் படாமலே, பூஜ்யத்துக்குத் திரும்பியது.