ஐந்து நாற்பத்திரண்டுக்கு வரும் செய்தி

பதிவில் நேரம் தப்பாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து ஐந்து. கறுப்புத் திரையிலோ ஒரு செய்தி இன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கு வந்து சேர்ந்ததாக இருந்தது.

வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண்; அதை அடித்தால் போதும், செய்தி எப்போது வந்தது, எங்கே இருக்கிறது என்று பதிவேடு ஒரே வரியில் சொல்லிவிடும். இன்று கடைசி இலக்கத்தைத் தவறாக அடித்துவிட்டாள். அந்த எண் இன்னும் எந்தச் செய்திக்கும் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் பதிவு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மாடி முழுக்க அவள் ஒருத்திதான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சர்வர்களின் விசிறிகள் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய தூசியின் வாடை ஏசிக் குளிரோடு கலந்து மூக்கை அடைக்க, ஜன்னலில் மழை விடாமல் வழிந்தது. இயந்திரத்துக்குப் பயப்படுகிற ஆளில்லை அவள். இயந்திரங்கள்தான் அவளுக்குப் பயப்படும் என்பார் வீட்டுக்காரர். சர்வரின் நேரத்தைச் சரிபார்த்தாள். நொடி பிசகாமல் இருந்தது.

செய்தியைத் திறக்கச் சொன்னாள். இல்லை என்றது. மறுபடி பதிவைத் தேடினாள். இப்போது ஒரு தலைப்பு சேர்ந்திருந்தது: பாலத்தில் விபத்து, கார் ஆற்றில் விழுந்தது.

இன்னொரு முறை தேடினாள்.

ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் பலி. வயது நாற்பத்தாறு.

ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவள் வீட்டுக்காரருக்குப் போன மாதம்தான் நாற்பத்தாறு முடிந்தது. அவளைக் கூட்டிப்போக அவர் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். போனை எடுத்தாள்.

"வந்துட்டே இருக்கேன்டி. பாலத்துல ஏறிட்டேன், வண்டி நகரவே மாட்டேங்குது."

"திரும்பிப் போயிடுங்க. கேள்வி கேக்காதீங்க."

"பின்னாடி நாப்பது வண்டி நிக்குது. வாத்தியாருக்கே பாடமா?" சிரித்தார். அதோடு லைன் போய்விட்டது.

திரும்ப அடித்தாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை.

அடித்துக்கொண்டே இருந்ததில் மணி ஐந்து நாற்பது ஆகிவிட்டது.

ஒரு வழி இருந்தது. ஒரே செய்தி இரண்டு தடவை நுழையக் கூடாது என்பதற்காக, ஏற்கெனவே வந்ததாகக் குறித்த எண்ணை சர்வர் மறுபடி உள்ளே விடாது. வேண்டாத செய்தியைத் தடுக்க, வரும் முன்பே அதன் எண்ணை அப்படிக் குறித்துவைப்பது அங்கே வழக்கம். செய்தி வராவிட்டால் சாவும் வராதா? பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தும் விரல்கள் அடித்து முடித்தன.

ஐந்து நாற்பத்திரண்டு.

திரையில் ஒரு வரி விழுந்தது. 'ஏற்கெனவே வந்தது. அனுமதி இல்லை.'

ஒரு நிமிடம் கழித்து அதே வரி. மறுபடி அதே வரி. எங்கிருந்தோ அந்தச் செய்தி உள்ளே வர முட்டிக்கொண்டே இருந்தது. சர்வர் அசையவில்லை. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, போன உயிர் திரும்பிவந்த மாதிரி விம்மி விம்மி அழுதாள்.

ஆறு மணிக்கு லிஃப்ட் திறந்தது.

அவர்தான். நனைந்த சட்டை. கையில் கார் சாவி. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் சேற்று வாடை வந்தது. சட்டைக்குள் உடம்பு ஜில்லென்றிருந்தது. நெஞ்சில் காது வைத்தாள்.

விசிறிகளின் இரைச்சல் கேட்டது. வேறெதுவும் இல்லை.

"அந்தப் பக்கம் போகப் பாத்தேன்டி," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் கொட்டியது. "எத்தனையோ தடவ. நான் ஏற்கெனவே வந்தாச்சாம். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு மேஜையில் இடித்தது.

"ரொம்ப வலிக்குது. என்ன பண்ணின நீ?"

திரையைப் பார்க்க அவர் திரும்பினார். உடம்பு திரும்பியது. கழுத்து ஒடிந்து தோளில் சாய்ந்து கிடந்த தலை திரும்பவில்லை.