சொல்ற வரைக்கும் விடாதீங்க

மழையோடு சேர்ந்துதான் அந்தக் கார் உள்ளே வந்தது. வந்தது என்றா சொன்னேன்... வழுக்கிக்கொண்டு வந்து, ஒர்க்‌ஷாப் வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டித்தான் நின்றது. அதன் நெற்றியில் சிவப்பாய் ஒரு எல் போர்டு.

இறங்கியவன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவன், முகம் வெளுத்துப் போய் நின்றான்.

"யாருங்க மெக்கானிக்?"

"நான்தான்."

ஒரு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள் அவள். கன்னத்தில் கிரீஸ்.

"நேத்து எங்க முதலாளி வந்து இந்த வண்டியை எடுத்துட்டுப் போனாரு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் புதுசா மாத்தியாச்சுன்னாரு. இப்ப மிதிச்சா பெடல் தரைக்குப் போகுது! காலைல கத்துக்க வந்த ஒரு சின்னப் பொண்ணு ஓட்டிட்டு இருந்தா. ஹேண்ட் பிரேக் இல்லைன்னா என்ன ஆயிருக்கும்? தெரியாத வேலையை எதுக்குங்க தொடறீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்... கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால், அழுது முடிக்காத ஏதோ ஒன்றும் இருந்தது. அடுத்து திட்ட வைத்திருந்ததை எல்லாம் அவன் விழுங்கிவிட்டான்.

"பானட்டைத் திறங்க" என்றாள்.

பிரேக் ஆயில் குறையவில்லை. குழாய் எதிலும் கசிவு இல்லை. அவனை உள்ளே உட்கார வைத்து மிதிக்கச் சொன்னாள்.

"மிதிக்க மிதிக்க மேல ஏறுதுங்க... இப்ப கல்லு மாதிரி இருக்கு."

"அப்படியே அழுத்திப் பிடிங்க. இறங்குதா?"

"இல்ல. ஆனா விட்டுட்டுக் கொஞ்சம் பொறுத்து மிதிச்சா, மறுபடி பஞ்சு."

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. பிரேக் குழாய்க்குள்ள காத்து நிக்குது." அவள் குரல் இறங்கியது. "என் தப்புதாங்க."

அந்தக் காற்றை வெளியேற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, காற்று போனதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்தினால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

"நேத்து யாருங்க மிதிச்சது?"

சுவரோரம் கிடந்த மரக்கட்டையைக் காட்டினாள். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். பெடல் இறங்கியதும் அது நழுவியிருக்கிறது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கட்டைக்கு லைசென்ஸ் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

"முன்னெல்லாம் நான் உள்ள உக்காந்து மிதிப்பேன். அவர் கீழ இருந்து குரல் கொடுப்பார். இப்ப... அவர் இல்ல."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"மிதிக்க வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிடலாம். அப்புறம் கீழ இருந்து அவர் கொடுத்த குரலை நான்ல கொடுக்கணும்? அது எப்படிங்க முடியும்?"

வெளியே மழை வலுத்தது.

"நான் மிதிக்கிறேன்" என்றான் மெதுவாக. "எனக்கு உருப்படியா வர்றது அது ஒண்ணுதான்."

தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தார்கள். அவள் தரையில் படுத்தாள்.

"அமுக்குங்க..."

"அமுக்கிட்டேன்!"

"பிடிங்க... நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

திருகைத் திறந்தாள். ஆயிலோடு குமிழ்கள் குபுகுபுவென்று வந்தன. மூடினாள். அடுத்து ஒரே ஒரு வார்த்தை...

வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளிடம் மாமியார் சொன்ன வார்த்தை அது. "விடும்மா... போயிட்டான்."

"இன்னும் சொல்லலையே நீங்க?" காருக்குள்ளிருந்து குரல்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குது. பரவாயில்ல. நீங்க சொல்ற வரைக்கும் விடமாட்டேன்."

சக்கரத்துக்குப் பின்னால் முகம் மறைத்துக்கொண்டு அழுதாள். நன்றாக, வாய்விட்டே அழுதாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை. காலையும் எடுக்கவில்லை.

"விடுங்க" என்றாள் கடைசியில்.

கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது அவள் குரல் மேலே மாடி வீடுவரை கேட்டது. மாமியார் படியிறங்கி வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. கீழே ‘அமுக்கு, பிடி’ என்று கேட்டால் மகனுக்கும் மருமகளுக்குமாய் இரண்டு டம்ளர் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். டிரைவர் சீட்டில் வேற்று ஆளைப் பார்த்தபோதுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அவன் பதறி இறங்கினான். மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். என்ன நினைப்பார்களோ... மகன் போன பிறகு ஒரு வேற்று ஆம்பளையை உட்கார வைத்துவிட்டேனே...

மாமியார் ஒரு டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"என் பையன் டம்ளர். கீழ போட்டுடாதீங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மழை விட்டதும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். டயர் அடுக்குக்கு ஒரு முழம் முன்னால், கச்சிதமாய் நின்றது கார்.

"பிடிக்குதா?" என்றாள்.

"பிடிச்சிருக்கு." அவன் அவள் கண்களைப் பார்த்தான். "நான் பிரேக்கைச் சொல்லலைங்க."

அவள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னால அவரை விட முடியாதுங்க."

"யாரு விடச் சொன்னா? நீங்க பிடிச்சுக்கிட்டே இருங்க. நான் பக்கத்து சீட்ல உக்காந்துக்கிறேன். என் தொழிலே அதுதானே..."

ஈரக் கண்களோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்தது. குனிந்து அந்த மரக்கட்டையை எடுத்து, பழைய சாமான் குவியலில் போட்டாள்.

"நாளைக்கு ஒரு வண்டி வருது. பிரேக் வேலை..." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "மிதிக்க ஆள் இல்லைங்க எனக்கு."