வேறொரு கருவியில் ஓடிக்கொண்டிருக்கிறது

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையிலிருந்து வரும் கம்பெனி பஸ் ஜேசுராஜைத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது மணி நாலரை. மழை விட்டிருந்தது. பிழைக்க வந்த வடக்கூரில், கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு அது. கதவைத் திறந்ததும் அமைதிதான் அவரை வரவேற்றது. மகள் ஃபியோனா இருந்தவரை அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் அடங்கியதே இல்லை. டெங்கு அவளை நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. நாற்பதாம் நாள் பூசையும் முந்தின நாள் முடிந்துவிட்டது.

சமையலறையில் அவர் மனைவி ஹெலினா அடுப்பைப் பற்றவைக்காமல் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா கேக்குதேன். பாட்டு மட்டும் போட மாட்டேங்கு."

சொன்னதைக் கேட்கும் அந்த உருண்டை ஸ்பீக்கருக்கு மிட்டூ என்று பெயர். பாணேரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த ஃபியோனா முதல் சம்பளத்தில் வாங்கியது. அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளைத் தேடித் தேடித் தன் கணக்கில் ஒரு பட்டியலாகச் சேர்த்து, 'அம்மாவுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் ஹெலினா இத்தனை நாளும் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்று நாளாக அதுவும் இல்லை. இவளும் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் ஜேசுராஜைப் பிடித்து ஆட்டியது.

கம்பெனியில் எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சாண் உயரப் பொருளா அவரிடம் வாலாட்டப் போகிறது? பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி சொருகினார். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். மணி என்ன என்று கேட்டார், சொன்னது. மழை வருமா என்றார், வரும் என்றது.

"மிட்டூ, 'அம்மாவுக்கு' பட்டியலைப் போடு."

நீல விளக்கு சுற்றியது. வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றியது. பிறகு அது தன் சுத்தமான இந்தியில், இந்தக் கணக்கின் பாட்டு வேறொரு கருவியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றது.

மிட்டூவுக்காக மகள் போட்டுக்கொடுத்திருந்த ஆப்பை ஜேசுராஜ் தன் போனில் திறந்தார். கருவிகள் என்ற இடத்தில் இரண்டே வரிகள். முதலாவது, சமையலறை ஸ்பீக்கர். அடுத்ததன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

ஃபியோனாவின் போன். இப்போது ஓடுகிறது.

"ஆஸ்பத்திரில தொலைஞ்ச போனு. எடுத்தவன் நிம்மதியா பாட்டு கேக்கான் பாரு. இரு, அவனைத் தூக்கிருதேன்."

ஹெலினா அவர் கையைப் பிடித்தாள். 

"தொலையலைங்க."

"பின்ன?"

"பெட்டிக்குள்ள இருக்கு. அவகூட."

கல்யாணம் ஆகாத பெண் என்பதால் வழக்கப்படி ஃபியோனாவை மணப்பெண்ணாக உடுத்தியிருந்தார்கள். வெள்ளை கவுன், பூமுடி, வலை முக்காடு, கையில் ஜெபமாலை. கடைசியாக ஒரு நிமிடம் தாயை மகளோடு தனியே விட்டார்கள்.

"பாட்டு இல்லாம அவளுக்குத் தூக்கம் வராதுல்லா. இயர்போனைக் காதுல மாட்டி, முக்காட்டை இழுத்து மூடிட்டேன். போனை முதுகுக்கு அடியில வச்சேன்." அவள் குரல் இறங்கியது. "சார்ஜ் ஒரு நாளுதான் நிக்கும்னு தெரியும். முத ராத்திரியாவது பயப்படாமத் தூங்கட்டும்னுதான்."

ஜேசுராஜுக்குக் கோபம் வரவில்லை. நாற்பத்தோரு நாள். எந்த பேட்டரி தாங்கும்? மண்ணுக்கு அடியில் எந்த டவர் எட்டும்? இதெல்லாம் ஆகாத காரியம் என்று மெஷின்காரர் மூளை சொன்னது. அந்த வேகத்திலேயே விரல் திரையைத் தொட்டுவிட்டது.

அகற்று.

பச்சைப் புள்ளி அணைந்தது. மிட்டூ பாடத் தொடங்கியது. முதலிலிருந்து அல்ல, பாட்டின் நடுவிலிருந்து, யாரோ கேட்டு நிறுத்திய இடத்திலிருந்து.

ஹெலினாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு இருவருக்கும் ஒரு வாசனை தட்டியது. வாடிய ரோஜாவும் ஈர மண்ணும். பாட்டுக்கு அடியில், ஸ்பீக்கருக்குள் எங்கோ, வேறொரு சத்தம் கேட்டது.

டொக்.

மரப்பலகையை விரல் மடக்கித் தட்டுகிற சத்தம்.

டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"முழிச்சிட்டா," ஹெலினா கிசுகிசுத்தாள். "குடுத்துருங்க. அவளுக்கே குடுத்துருங்க."

"மிட்டூ, நிறுத்து."

பாட்டு நின்றது. தட்டல் நிற்கவில்லை. இப்போது அது அவசர அவசரமாக, இரண்டு கையாலும் தட்டுவதுபோல் கேட்டது. அகற்றியதைத் திரும்பச் சேர்க்கும் இடத்தை ஜேசுராஜ் தேடினார். கண்ணீரில் திரை தெரியவில்லை. எதையெதையோ அழுத்தினார்.

"அப்பா இந்தா தந்துட்டேன் பாப்பா. இந்தா, இந்தா."

பச்சைப் புள்ளி வந்தது.

தட்டல் தளர்ந்தது. கடைசியாக ஒன்று, மெதுவாக. பிறகு ஒன்றுமில்லை.

இருவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அழுதார்கள். பெற்ற பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று ஜேசுராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அன்று ஹெலினாதான் எழுந்து உலை வைத்தாள். அவருக்குப் பரிமாறி, தானும் சாப்பிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் மிட்டூவிடம் பாட்டுக் கேட்கவில்லை. அங்கே அவளுக்கு ஓடுகிறது என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹெலினா கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மிட்டூவின் நீல விளக்கு தானாகச் சுற்றியது.

'அம்மாவுக்கு' பட்டியலில் ஃபியோனா ஒரு புதிய பாட்டைச் சேர்த்திருக்கிறார் என்றது. பிறகு தானாகவே அதைப் பாடத் தொடங்கியது.

இருவரும் அதுவரை கேட்டிராத பாட்டு அது. ஹெலினா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, முடியும்வரை கேட்டாள்.

"நல்லாருக்கு பாப்பா," என்றாள் மெல்ல.

ஜேசுராஜ் போனை எடுத்துப் பார்த்தார். அந்தப் பாட்டு வெளிவந்ததே முந்தாநாள்தான்.