கரண்டிகள் தூங்கும் பக்கம்

மதிய வேளையில் அத்தை கடையின் வெள்ளிச் சாமான்கள் எல்லாம் தூங்கிவிடும். கனாக்காரி அப்படித்தான் நினைத்துக்கொள்வாள்.

அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அத்தைதான். "இதைத் துடைடி" என்று கிண்ணத்தைக் கொடுத்தால், துடைப்பதை மறந்து கிண்ணத்தோடு பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

பழைய வெள்ளிக் கரண்டியின் காம்புக்குப் பின்னால் கடுகளவு முத்திரை ஒன்று இருக்கும். லென்ஸ் வைத்து அதைப் பார்த்தாலே, எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று அத்தை சொல்லிவிடுவாள். ஒரே முத்திரை என்றால் ஒரே தட்டு. அதுதான் கடையின் சட்டம்.

அன்று ஒரு தட்டுக் கரண்டிகளைக் கனாக்காரி மேஜையில் வரிசையாகப் படுக்க வைத்தாள். அவற்றையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அத்தை, எல்லாக் கரண்டியும் ஒரே பக்கமா ஒருக்களிச்சுத் தூங்குது. இது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கு!"

"சரி சரி, எழுப்பிடாதே. துடைக்கிற வேலையைப் பாரு."

அப்போது பக்கத்துத் தெருத் தையல்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அளவு டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

"என் தங்கச்சி வீட்டைக் காலி பண்ணும்போது, அம்மாவோட கரண்டியையும் சேர்த்து உங்ககிட்ட வித்துட்டாளாம். எனக்கு அது ஒண்ணு மட்டும் வேணும்."

அத்தையின் முகம் வாடிவிட்டது. "தப்பு என்னோடதுதான் அண்ணா. வேற வீட்டுக் கரண்டியிலயும் இதே முத்திரை, இதே வருஷம். எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துட்டேன். சாயங்காலம் ஒருத்தர் வந்து தட்டோட எடுத்துட்டுப் போறாரு."

தையல்காரர் ஒவ்வொரு கரண்டியாகப் புரட்டினார். எல்லாம் ஒரே அச்சு.

"எங்க அம்மா கரண்டி எனக்கே அடையாளம் தெரியலையே" என்றார்.

கனாக்காரிக்குப் பாவமாக இருந்தது. "அவங்க இதை வெச்சு என்ன பண்ணுவாங்க மாமா?"

"பால் பாத்திரத்தோட அடியில ஏடு ஒட்டியிருக்கும்ல? அதைச் சுரண்டி எனக்கு ஊட்டுவாங்க. தினமும்! இதோ, இப்படி..."

அவர் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் சுரண்டிக் காட்டினார்.

"மாமா, நீங்க எந்தக் கையால தைப்பீங்க?"

"வலது கையாலதான்."

"இப்ப இடது கையால சுரண்டுறீங்களே?"

தையல்காரர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். "அட! அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். எனக்கே மறந்துபோச்சு பாரு!"

கனாக்காரிக்கும் இடது கைப் பழக்கம்தான். அவள் துள்ளி எழுந்து, திரும்பிப் படுத்திருந்த கரண்டியை எடுத்து வந்தாள்.

"வலது கைக்காரங்க சுரண்டினா நுனியோட இடது ஓரம் தேயும். மத்ததெல்லாம் அப்படித்தான் இருக்கு. இதுல மட்டும் வலது ஓரம் தேஞ்சிருக்கு, அதான் திரும்பிப் படுத்த மாதிரி தெரியுது, பாருங்க!"

அத்தை லென்ஸை எடுத்தாள். இந்த முறை முத்திரையைப் பார்க்கவில்லை, நுனியைப் பார்த்தாள். "அடியே! இத்தனை வருஷமா நான் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே!"

தையல்காரர் கரண்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கனாக்காரியின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மற்றக் கரண்டிகளைக் கனாக்காரி தட்டில் போடத் தொடங்கினாள். ஒன்று 'டங்' என்று விழுந்தது.

"மெதுவாடி!" என்று அத்தை ரகசியக் குரலில் சொன்னாள். "முழிச்சுக்கப் போகுதுங்க."