மீன்காரி ரொசாலியா

அமலினிக்குப் பத்து வயது. அவளைப்போலச் சத்தமாகப் பாடக்கூடியவர் வகுப்பில் வேறு யாரும் இல்லை. இது அவளே சொன்னதல்ல. பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் தட்டிச் சொன்னது.

பள்ளியில் இசை நாடகம் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் அவர்கள் ஊரான பலேர்மோவின் துறைமுகத்துக்குத் தூரதேசக் கப்பல் ஒன்று வந்து சேரும் கதை அது. பல்லரோ சந்தையில் மீன் விற்கும் ரொசாலியா என்ற சிறுமிதான் கதாநாயகி. அவளுக்கு மூன்று பாட்டுகள்!

அமலினியின் வீடு அந்தச் சந்தைத் தெருவில்தான், மூன்றாம் மாடியில். மீன்காரர்கள் கூவும் சத்தத்தில்தான் அவள் தினமும் கண்விழிப்பாள்.

நாடகத்தைப் பழக்குவதற்கு வடக்கு இத்தாலியின் தொரினோ நகரிலிருந்து கார்லோ என்ற ஆசிரியர் வந்திருந்தார். பிள்ளைகள் அவரை ‘மாயெஸ்த்ரோ’, அதாவது இசை ஆசான், என்று கூப்பிட்டார்கள். கலகலப்பான மனிதர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அமலினி மேடையேறி இரண்டு வரி பாடுவதற்குள் அவர் துள்ளி எழுந்தார்.

“போதும், போதும்! எனக்கு ஆள் கிடைத்துவிட்டது!”

அமலினி பாதிப் பாட்டோடு நின்றாள்.

“கப்பலில் வரும் இந்திய இளவரசி நீதான்! வீட்டில் சேலை இருக்கிறதா?”

“இருக்கிறது. ஆனால் நான் ரொசாலியாவுக்கு...”

“ரொசாலியா பலேர்மோப் பெண் அல்லவா?” என்று சிரித்துக்கொண்டே அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இளவரசி கப்பலில் இருந்து இறங்குவாள். ஒரு சுற்று ஆடுவாள். சிரிப்பாள். போய்விடுவாள். அவ்வளவுதான்.

ரொசாலியா வேடம் மார்த்தாவுக்குக் கிடைத்தது. மார்த்தா நெட்டையான, அமைதியான பெண். வசதியானவர்கள் இருக்கும் பொலிதேயாமாப் பக்கம் பெரிய வீடு.

அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்தார். சேலை வேண்டும் என்று கேட்டதுதான் தாமதம், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்து தன் கல்யாணக் கூறைச்சேலையை எடுத்தார்.

“என்ரை பிள்ளை இதை உடுத்திக்கொண்டு மேடையிலை நிக்கப்போறாள்!”

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், சொல்ல வந்த மிச்சத்தை அமலினி விழுங்கிக்கொண்டாள்.

ஒத்திகை தொடங்கியது. அமலினி ஒரு சுற்று ஆடுவதற்குள் மூன்று தடவை தன் காலையே மிதித்துக்கொண்டாள். அடுத்து மார்த்தா மீன்கூடையோடு வந்தாள்.

“சார்தி வீவி” என்றாள். ‘துடிக்கத் துடிக்கச் சாளை மீன்’ என்று அதற்கு அர்த்தம். ஆனால் அவள் சொன்ன விதம், நூலகத்தில் பென்சில் கடன் கேட்பதுபோல இருந்தது.

“இன்னும் சத்தமாக!” என்றார் கார்லோ.

“சார்தி வீவி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மார்த்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

உண்மையைச் சொன்னால், அமலினிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் மார்த்தா தனியாக நின்று மூக்கைத் துடைப்பதைக் கண்டபோது அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

“நீ பல்லரோவுக்கு வந்திருக்கிறாயா?” என்று அமலினி கேட்டாள்.

“இல்லை. எங்கள் வீட்டுக்கு மீன் பெட்டியில்தான் வரும். அதற்குத் தலைகூட இருக்காது.”

“சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. தலையோடு காட்டுகிறேன்.”

அமலினியின் அப்பா ஜோக்கிம் ஓர் உணவகத்தில் சமைப்பவர். சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போனபோது இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். சந்தை முழுவதும் ஒரே கூச்சல்.

“கவனி. அவர்கள் தொண்டையால் கத்தவில்லை, வயிற்றால் கத்துகிறார்கள்” என்றாள் அமலினி. பிறகு மூச்சை இழுத்து, “சா...ர்தி வீ...வி!” என்று கூவினாள்.

மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பையைக்கூட நீட்டிவிட்டாள்.

“ஏய் சின்னவளே, என் வியாபாரத்தைக் கெடுக்காதே!” என்று மீன்காரர் சிரித்தார்.

அடுத்து மார்த்தா கூவினாள். பூனை ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டுப் படிகளில் ஏறும்போது மார்த்தா சொன்னாள்: “எனக்கு உன் வேடம்தான் பிடிக்கும். நான் ஆறு வருடமாக நடனம் படிக்கிறேன். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை, எவ்வளவு நல்லது!”

“எனக்கு அதுதான் கஷ்டமே!” என்றாள் அமலினி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “திங்கட்கிழமை கேட்போமா?”

ஆனால் அதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே. அன்று மாலை அம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, கோவிக்காதேங்கோ. எனக்கு இளவரசி வேண்டாம்.”

“ஏன் பிள்ளை? வடிவான சேலை எல்லோ?”

“சேலை வடிவுதான். ஆனா அவள் ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை அம்மா.”

“ஒரு சொல்லுமோ?” அம்மா நிமிர்ந்தார். “நித்திரையிலையும் கதைக்கிற உனக்கோ அதைத் தந்தவை?”

“எனக்கு ரொசாலியாவாப் பாடவேணும்.”

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிறுத்தினார். பிறகு சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். “அப்ப அவரிட்டை ஆறுதலாக் கேள். சண்டை பிடியாதை, என்ன?”

“ஓம் அம்மா.”

திங்கட்கிழமை இருவரும் கார்லோவின் முன்னால் போய் நின்றார்கள்.

“வேடத்தை மாற்றுவதா?” அவர் தலையைச் சொறிந்தார். “இளவரசி இந்தியாவிலிருந்து வருகிறவளாயிற்றே.”

“நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை, மாயெஸ்த்ரோ. அப்பாவும் அம்மாவும் இலங்கையில், மன்னாரில் பிறந்தவர்கள். நான் பிறந்தது பலேர்மோவில். பத்து வருடமாகப் பல்லரோவில் இருக்கிறேன்.”

“நான் இங்கே வந்து மூன்று வாரம்தான்” என்றார் கார்லோ மெதுவாக.

“அன்றைக்கு என் பாட்டு முடியவில்லை. இன்றைக்கு முடிக்கலாமா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமலினி முழுப் பாட்டையும் பாடினாள். கடைசியில் வயிற்றிலிருந்து ஒரு கூவல். அது மண்டபத்தின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

“அன்றைக்கு நான் உன்னைப் பார்த்தேன், கேட்கவில்லை. என் பிழை” என்றார் கார்லோ. “சரி, மார்த்தா, நீ ஆடு பார்ப்போம்.”

மார்த்தா ஆடினாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

“அப்படியானால் இளவரசிக்கு எந்த நாடு?” என்று கேட்டார் கார்லோ.

“நாடு வேண்டாம். கடல் கடந்து வந்த நடனக்காரி. அது போதாதா?” என்றாள் மார்த்தா.

கார்லோ பேனாவை எடுத்து நாடகத் தாளில் திருத்தினார். “ரொசாலியாவோடு இரண்டு வார்த்தை பேச வைக்கட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்!” என்றாள் மார்த்தா.

நாடக நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. தலையில் துணி கட்டி, இடுப்பில் கூடையோடு அமலினி மேடைக்கு வந்து கூவினாள்.

மூன்றாம் வரிசையில் இருந்த வயதான ஒருவர், தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்போல. சிசிலிப் பேச்சில் உரக்கக் கேட்டார்: “மீன் புதுசா, மகளே?”

நாடகத் தாளில் இது இல்லை. கார்லோ தலையில் கைவைத்தார். பியானோ நின்றது.

அமலினி அவரைப் பார்த்து, அதே சிசிலிப் பேச்சில் பதில் சொன்னாள்: “காலையில் பிடித்தது, ஐயா! நீங்கள்தான் எழும்பப் பிந்திவிட்டீர்கள்!”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஐயாவும் சிரித்தார். சிரிப்பு ஓயும்வரை அமலினி பொறுத்திருந்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் முதல் பாட்டைத் தொடங்கினாள்.